கிட்டார் பிக்கப்: பேட்டரியைப் பற்றி யோசிக்கும் முன் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிட்டார் தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகமே பிக்கப். பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறு சர்க்யூட்) உள்ளே இருப்பது ஆக்டிவ், அது இல்லாதது பாசிவ். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆக்டிவ் பிக்கப் வாங்குவதா, பாசிவ் வாங்குவதா என்பது பற்றி உங்கள் இசைப் பக்கத்தில் வந்த கட்டுரை, ‘மெட்டலுக்கு ஆக்டிவ், ப்ளூஸுக்கும் ஜாஸுக்கும் பாசிவ்’ என்று தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. அந்த ஒரு வரியை நம்பிப் போகிறவர் பணத்தைச் செலவழித்து, பேட்டரிக்காகக் கிட்டாரின் மரத்தையும் குடைந்த பிறகு, பழைய குறை அப்படியே இருப்பதைக் கேட்க நேரலாம்.

பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மர் பல ஆண்டுகள் மேடையில் வாசித்த சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருந்தவை இ.எம்.ஜி. என்ற நிறுவனத்தின் எஸ்.ஏ. மாடல் ஆக்டிவ் பிக்கப்கள். மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் கிர்க் ஹாம்மெட்டும் பயன்படுத்தியவை அதே நிறுவனத்தின் 81, 60 மாடல்கள். இரண்டு தரப்பின் ஒலிக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா? மெட்டலின் முன்னோடியான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது 1970-இல், இ.எம்.ஜி. தொடங்கியது 1976-இல். மெட்டல் பிறந்ததே பாசிவ் பிக்கப்பில்தான்.

இசை வகையை ஒதுக்கிவைத்துவிட்டு, பிக்கப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பாசிவ் பிக்கப்பில் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும் மட்டுமே. ஸ்ட்ராட் வகை சிங்கிள் காயிலில் (ஒற்றைச் சுருள் பிக்கப்பில்) 42 கேஜ் தடிமன் உள்ள கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று இருக்கும். சேத் லவர் கிப்சனுக்காக வடிவமைத்து, 1957-இல் கிட்டார்களில் வரத் தொடங்கிய ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பில் ஒவ்வொரு சுருளிலும் ஏறக்குறைய ஐயாயிரம். இத்தனை சுற்றுகள் சேரும்போது சிங்கிள் காயிலுக்கு 2 முதல் 3 ஹென்றியும், பழைய பாணி ஹம்பக்கருக்கு 4 முதல் 5 ஹென்றியும் இன்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) வந்துவிடுகிறது. இந்த இன்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மையும்) சேர்ந்து ஒரு ஒத்ததிர்வுப் புள்ளியை உண்டாக்குகின்றன. அந்த அதிர்வெண்ணில் ஒலி மேடிட்டு எழும். அதைத் தாண்டினால் சரசரவென்று இறங்கிவிடும். நாம் பிக்கப்பின் ‘குணம்’ என்று சொல்வதில் பெரும்பகுதி அந்த மேடு எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்பதுதான்.

சாதாரணக் கிட்டார் கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வையுங்கள். பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் இன்னொரு 100. பிக்கப் 2.5 ஹென்றி, கேபிள் 3 மீட்டர் என்றால் மேடு 5,000 ஹெர்ட்ஸில் நிற்கும். 6 மீட்டர் கேபிளுக்கு அது 3,800-க்கு இறங்கும். 15 மீட்டருக்கு 2,500. அதே பிக்கப், அதே கை, அதே ஆம்ப். கேபிள் மட்டும் நீண்டிருக்கிறது, ட்ரெபிள் ஒரு ஆக்டேவ் கீழே வந்துவிட்டது. 4.5 ஹென்றி ஹம்பக்கரில் கணக்கு இன்னும் கீழிருந்து தொடங்கும்: 3 மீட்டருக்கு 3,750, 15 மீட்டருக்கு 1,900-க்கும் குறைவு. ‘மேடைக்குப் போனதும் என் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து கேட்கிறது’ என்ற புகாருக்கு, வீட்டில் 3 மீட்டர் கேபிளும் மேடையில் பத்துப் பதினைந்து மீட்டரும் என்பதே அநேகமாகக் காரணம். ட்ரூ பைபாஸ் பெடல்களை (அணைத்தால் சிக்னலை அப்படியே நேராகக் கடத்துபவை) வரிசையாக வைத்திருந்தால், எல்லாம் அணைந்திருக்கும்போது முதல் கேபிள், இணைப்புக் கேபிள்கள், கடைசிக் கேபிள் அத்தனையும் கூட்டிய நீளமே கணக்கு.

ஆக்டிவ் பிக்கப்பில் சுற்றுகள் குறைவு. காந்தமும் பல வகைகளில் வலுக்குறைந்தது. அது தரும் சிறிய சிக்னலை, பிக்கப்பின் கூட்டுக்குள்ளேயே இருக்கும் ப்ரீஆம்ப் பெருக்கி, குறைந்த இம்பீடன்ஸில் (மாறும் சிக்னலுக்கு உள்ள தடை) வெளியே தள்ளுகிறது. இ.எம்.ஜி. 81-இல் அது 10 கிலோ ஓம். இதோடு 15 மீட்டர் கேபிளைச் சேர்த்தாலும் ட்ரெபிள் இறங்கத் தொடங்கும் இடம் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். கிட்டார் ஸ்பீக்கர்கள் 5,000, 6,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதுமே தாமாகவே மங்கிவிடும் என்பதால் அந்த இழப்பு காதுக்கு எட்டாது. ஒத்ததிர்வு மேடு எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் உள்ளேயே நிர்ணயித்துவிட்டார். கேபிளோ, பாட்டோ (வால்யூம், டோன் குமிழுக்கு அடியிலுள்ள மாறுதடை) அதைத் தொட முடியாது.

ஆக, பாசிவ் வாங்குகிறவர் பிக்கப்போடு பாட், கேபிள், ஆம்பின் இன்புட் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குகிறார். ஆக்டிவ் வாங்குகிறவர் அந்தத் தொடர்பை அறுத்துவிட்டு, முடிந்துபோன ஒரு ஒலியை வாங்குகிறார். தேர்வு இங்கேதான் இருக்கிறது. வால்யூமைக் குறைத்தால் ஒலி மென்மையாக வேண்டும், கேபிளை மாற்றினால் நிறம் மாற வேண்டும் என்பவருக்கு முதலாவது. எந்த மேடையில், எத்தனை மீட்டர் கேபிளில் செருகினாலும் ஒரே ஒலி வேண்டும் என்பவருக்கு இரண்டாவது.

நீளக் கேபிளால் வரும் மங்கல் மட்டுமே குறையென்றால், அதற்காகப் பிக்கப்பை மாற்றுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. சிக்னலை அப்படியே வாங்கிக் குறைந்த இம்பீடன்ஸில் அனுப்பும் ஒரு பஃபர் பெடல் போதும். அதன் இன்புட் இம்பீடன்ஸ் 1 மெகா ஓம் அளவிலும், அவுட்புட் 1 கிலோ ஓமுக்குக் கீழேயும் இருக்கும். கிட்டாரிலிருந்து 3 மீட்டர் கேபிளை அதில் செருகி, அங்கிருந்து 15 மீட்டர் ஆம்புக்கு ஓடவிடுங்கள். பிக்கப் பார்ப்பது முதல் 3 மீட்டரை மட்டுமே. ஆக்டிவ் வாங்க நினைப்பவர் முதலில் இதைச் செய்து கேட்க வேண்டும். குறை போய்விட்டதென்றால் விஷயம் முடிந்தது. வயர்லெஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இதுகூட வேண்டாம், டிரான்ஸ்மிட்டரே பஃபர்தான். கேபிளிலிருந்து வயர்லெஸுக்கு மாறியவுடன் கிட்டார் கூசுகிறது என்பதற்கும் இதுவே காரணம். அதனால்தான் சில கருவிகளில் கேபிளின் மங்கலைப் போலியாகச் சேர்க்கும் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள்.

கட்டுரையில் இருந்த பட்டியல் பிக்கப்களை டி.சி. ரெசிஸ்டன்ஸ் (நேர் மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் தடை) வரிசையில் அடுக்கி, அதிகமானது ‘பவர் கூடியது’ என்று குறித்திருந்தது. மல்டிமீட்டரில் எளிதாக அளக்க முடிகிறது என்பதைத் தவிர அந்த எண்ணுக்குப் பெரிய பெருமை இல்லை. 42 கேஜுக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 கேஜ் கம்பியில் சுற்றினால், சுற்று எண்ணிக்கை மாறாமலே ரெசிஸ்டன்ஸ் கால் பங்குக்கு மேல் கூடும். ஒலி அந்த அளவு கூடாது. வெயிலில் கிடந்த கிட்டாரை அளந்தாலே எண் மாறும்: 10 டிகிரி சூடு ஏறினால் செம்பின் தடை சுமார் 4 சதவீதம் கூடி, 8 கிலோ ஓம் பிக்கப் 8.3 காட்டும். ஆக்டிவ் பிக்கப்பில் இந்த அளவுக்குப் பொருளே கிடையாது. மீட்டர் தொடுவது சுருளை அல்ல, ப்ரீஆம்பின் வாயை. பாசிவ் பிக்கப்பை ஒப்பிட விரும்பினால் இன்டக்டன்ஸையும் காந்தத்தின் வகையையும் கேளுங்கள். சொல்லத் தயங்காத தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

‘ஆக்டிவில் இரைச்சலே இராது’ என்பது பாதி உண்மை. குறைந்த இம்பீடன்ஸ் என்பதால் கேபிள் வழியில் சேரும் இரைச்சல் குறையும், அது நிஜம். 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம்மைச் சுருளே பிடிக்கிறது. அதை ஒழிக்க எதிரெதிராக இரண்டு சுருள் வேண்டும். ஆக்டிவ் பிக்கப்கள் பலவற்றில், சிங்கிள் காயில் போலத் தெரிவனவற்றில்கூட, உள்ளே இரண்டு சுருள் இருக்கின்றன. நல்ல பாசிவ் ஹம்பக்கரும் அதே வேலையைப் பேட்டரி இல்லாமல் செய்கிறது. மிகுந்த டிஸ்டார்ஷனில் கேட்கும் ‘ஸ்ஸ்’ பெரும்பாலும் ஆம்பின் கெயினிலிருந்து வருவது. எந்தப் பிக்கப்பும் அதை நீக்காது.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், வேலையில் வழக்கமாக எங்கே தவறு நேர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கட்டுரை இதைத் தொடவே இல்லை.

முதலாவது பாட். பாசிவ் சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். பாட்டின் மதிப்பு குறையக் குறைய ஒத்ததிர்வு மேடு தட்டையாகும். 500 என்று அச்சிட்ட பாட் 20 சதவீத வேறுபாட்டில் 400 முதல் 600 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால், பொருத்தும் முன் அளந்துகொள்வது நல்லது. ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம். பழைய 500-ஐ அப்படியே விட்டுவிட்டு ஆக்டிவ் பொருத்தினால் ஒலி வரும், கெட்டுப்போகாது. ஆனால் வால்யூம் குமிழ் விளக்கு சுவிட்ச் மாதிரி ஆகிவிடும், திருப்பத்தின் பெரும்பகுதியில் எதுவும் நடக்காமல் ஒரு மூலையில் எல்லாம் நடக்கும். தலைகீழான தவறு இதைவிட மோசம். ஆக்டிவைக் கழற்றிவிட்டு, 25 கிலோ ஓம் பாட்டோடு 4.5 ஹென்றி பாசிவ் ஹம்பக்கரை இணைத்தால், 1,000 ஹெர்ட்ஸை ஒட்டியே ட்ரெபிள் சரிய ஆரம்பித்துவிடும், ஒலியளவும் குறையும். ‘பிக்கப் டூப்ளிகேட்’ என்று விற்றவரோடு சண்டைக்குப் போகும் முன் பாட்டின் முதுகைத் திருப்பி எண்ணைப் படித்துவிடுவது நல்லது. டோன் கெப்பாசிட்டரும் இதே கதைதான்: பாசிவில் 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட், இ.எம்.ஜி. ஆக்டிவில் 0.1.

இரண்டாவது ஜாக். ஆக்டிவ் கிட்டாருக்கு மூன்று முனை உள்ள ஸ்டீரியோ ஜாக் கட்டாயம். சிக்னல் நுனி முனைக்கு. பேட்டரியின் கறுப்பு வயர் நடு வளைய முனைக்கு. எர்த் அடி முனைக்கு. சாதாரண மோனோ பிளக்கைச் செருகும்போது அதன் தண்டு வளையத்தையும் எர்த்தையும் இணைத்துப் பேட்டரியை ஓடவிடும், உருவினால் நின்றுவிடும். பழைய மோனோ ஜாக்கையே விட்டுக் கறுப்பு வயரை எர்த்தில் பற்றவைத்தால் பேட்டரி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வராவிட்டால், கையிலிருப்பது ஸ்டீரியோ கேபிளா என்று பாருங்கள். அது வளையத்தை எர்த்தோடு சேர்க்காது, ப்ரீஆம்புக்கு மின்சாரம் போகாது. பிளக் முழுவதும் உள்ளே போகாமல் நின்றாலும் இதே நிலைதான்.

மூன்றாவது, பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் வயர். பாசிவ் கிட்டாரில் அது இருக்க வேண்டும். தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் அடங்குவது அதனால்தான். இ.எம்.ஜி. போன்ற உள்ளேயே ஷீல்டு செய்த ஆக்டிவ் பிக்கப்களில் அதைத் துண்டிக்கச் சொல்லித் தயாரிப்பாளரே எழுதுகிறார். எர்த் பழுதான ஆம்பிலோ மைக்கிலோ மின்கசிவு இருந்தால், தந்தி வழியே உடம்பில் பாயும் பாதையும் அதோடு அறுபடும். எல்லா நிறுவனமும் இப்படிச் சொல்வதில்லை என்பதால் பெட்டியில் வரும் வரைபடத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். கிட்டாரில் ஒரு பாசிவ் பிக்கப் மிச்சமிருந்தாலும் வயரை எடுக்கக் கூடாது.

நான்காவது, பேட்டரிக்கு இடம். 9 வோல்ட் பேட்டரி 48.5 மி.மீ. நீளம், 26.5 மி.மீ. அகலம், 17.5 மி.மீ. கனம், கிளிப்பையும் வயரையும் சேர்த்து 55 மி.மீ. நீளம் வேண்டும். வாங்கும் முன் கன்ட்ரோல் குழியை அளந்துகொள்ளுங்கள். குழியில் செப்புத் தாளோ ஷீல்டு பெயின்ட்டோ இருந்தால் பேட்டரியை ஸ்பாஞ்சில் சுற்றி வையுங்கள், முனைகள் உரசிவிடக் கூடாது. கிளிப்பைத் தலைகீழாக ஒரு நொடி தொட்டாலே, பாதுகாப்பு டயோடு இல்லாத ப்ரீஆம்ப் போய்விடலாம். எஃப் துளை வைத்த செமி ஹாலோ கிட்டார்களில் பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் பிக்கப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த வகைக் கிட்டாருக்கு ஆக்டிவ் வேண்டாம் என்பதே என் கருத்து.

பேட்டரியைப் பற்றிய பயம் மட்டும் தேவைக்கு அதிகம். இ.எம்.ஜி. 81 இழுப்பது 80 மைக்ரோ ஆம்பியர். இரண்டு பிக்கப்புக்கு 160. 500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் அல்கலைன் பேட்டரி கணக்குப்படி மூவாயிரம் மணி நேரம் தாங்கும். ஒரு ராத்திரி பிளக்கை உருவ மறந்ததால் செத்துவிடாது. நான்கு மாதம் தொடர்ந்து செருகியே வைத்திருந்தால்தான் சாகும். ஆனால் இந்தக் கணக்கை எல்லா ஆக்டிவுக்கும் நீட்டக் கூடாது. சுற்றிய கம்பிக்குப் பதிலாக அச்சிட்ட சர்க்யூட் அடுக்குகளை வைத்து, ஒரே பிக்கப்பில் இரண்டு மூன்று குரல் தரும் ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ் வகை பல மடங்கு அதிகம் இழுக்கும். அதற்கு ஒரு 9 வோல்ட் பேட்டரி 200 மணி நேரத்தை ஒட்டியே வரும். ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரியை அந்த நிறுவனமே விற்பதன் காரணம் இது. சாகப்போகும் பேட்டரி முதலில் பிக் அழுத்தமாகப் படும் இடங்களில் கரகரக்கும். பிறகு ஒலி மெலியும். கழற்றி வைத்த பேட்டரியை மட்டும் அளந்தால் நல்ல எண் காட்டி ஏமாற்றலாம். பிளக் செருகிய நிலையிலேயே அளந்து, 7.5 வோல்ட்டுக்குக் கீழே வந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 18 வோல்ட் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அதனால் ஒலியளவு கூடும் என்று நினைப்பவர் ஏமாறுவார். கூடுவது ஹெட்ரூம்தான்: பலமாக மீட்டும்போது ப்ரீஆம்ப் மேல்விளிம்பில் முட்டாது, சுத்தமான ஒலியில் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் இன்னும் தெளிவாகக் கேட்கும். முழு டிஸ்டார்ஷனில் வாசிப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிவது கடினம். இ.எம்.ஜி. 27 வோல்ட் வரை தாங்கும். மற்றவற்றுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று பார்க்காமல் இணைப்பது ஆபத்து.

ஒரே கிட்டாரில் ஒன்று ஆக்டிவ், ஒன்று பாசிவ் என்று கலப்பதைக் கட்டுரை ‘இரண்டு உலகத்தின் நன்மை’ என்று புகழ்ந்திருந்தது. 25 கிலோ ஓம் பாட் போட்டால் பாசிவ் மங்கும். 500 போட்டால் ஆக்டிவின் குமிழ் பயனற்றதாகும். ஆளுக்கொரு வால்யூம் பாட் கொடுத்தாலும் சுவிட்சின் நடு நிலையில் ஆக்டிவின் குறைந்த இம்பீடன்ஸ் பாசிவின் சிக்னலை விழுங்கிவிடும். இரண்டும் சேர்ந்து ஒலிக்காது. நடு நிலையே வேண்டாம் என்பவருக்கு மட்டும் இது சரிப்படும். வேண்டுமென்பவர் பாசிவ் பிக்கப்புக்குக் கிட்டாருக்குள்ளேயே தனி பஃபர் வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் அந்தப் பாசிவும் பேட்டரியை நம்பியதாகிவிடும்.

ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்கள் ஆக்டிவுக்கு மாறும் முன் யோசிக்க வேண்டும். ஃபஸ் ஃபேஸ் வகைச் சர்க்யூட்டின் இன்புட் இம்பீடன்ஸ் மிகக் குறைவு. பாசிவ் பிக்கப்பின் இன்டக்டன்ஸை அது தன் சர்க்யூட்டின் ஒரு பாகமாகவே எடுத்துக்கொள்கிறது. ஆக்டிவோ பஃபரோ முன்னால் வந்தால் ஒலி கீறலாகிவிடும். வால்யூமைக் குறைத்தால் தெளிந்து வரும் அந்த அழகும் போய்விடும். பஃபர் பெடலை வாங்கியவர்களும் அதை ஃபஸ்ஸுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பாசிவ் வைத்திருந்து ‘பவர் போதவில்லை’ என்பவர்கள் ஸ்க்ரூடிரைவரில் தொடங்கட்டும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, பிக்கப்புக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். சிங்கிள் காயிலுக்குப் பேஸ் பக்கம் 2.4 மி.மீ., ட்ரெபிள் பக்கம் 2 மி.மீ. வைத்துத் தொடங்கலாம். இன்னும் உயர்த்தினால் ஒலி கூடும். அளவு மீறினால் அல்னிக்கோ 5 போன்ற வலுவான காந்தம் தந்தியையே இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி தடுமாறும். பேஸ் தந்தியில் ஒரு ஸ்வரத்துக்குள் இன்னொன்று அலைவது போலக் கேட்கும். இதை இன்டொனேஷன் கோளாறு என்று நினைத்துப் பிரிட்ஜைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். காந்தம் மெலிந்த ஆக்டிவ் பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் கொண்டுபோகலாம் என்பது அதன் உண்மையான ஒரு நன்மை. அதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது.

வால்யூமைக் குறைத்தால் ட்ரெபிள் போகிறது என்பதும் பாசிவின் குறையாகச் சொல்லப்பட்டிருந்தது. வால்யூம் பாட்டின் இன்புட் முனைக்கும் நடு முனைக்கும் இடையே 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும், அதற்கு இணையாக 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பற்றவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கெப்பாசிட்டர் மட்டும் போட்டால் குறைந்த வால்யூமில் ஒலி மெலிந்து கூசும். ரெசிஸ்டர் அதைக் கட்டுப்படுத்தத்தான். சுருளைப் பிரித்துச் சிங்கிள் காயிலாக்குவது, சீரீஸ், பேரலல், ஃபேஸ் மாற்றுவது ஆகிய வேலைகளை நான்கு வயர் பாசிவ் ஹம்பக்கரில் ஒரு சுவிட்சை வைத்தே செய்யலாம். ஆக்டிவில் தயாரிப்பாளர் உள்ளே வைத்துக் கொடுத்தால் உண்டு. பழுது பார்ப்பதிலும் இதே நிலை: பாசிவ் சுருள் அறுந்தால் மறுபடி சுற்றிக்கொள்ளலாம், எபாக்ஸியில் மூழ்கடித்த ஆக்டிவ் செத்தால் புதிதுதான்.

ஆக்டிவ் பிக்கப்பையும் ஆக்டிவ் ப்ரீஆம்பையும் கட்டுரை ஒன்றாகக் கலந்துவிட்டது. பேஸ் கிட்டார் வாசிப்பவர்களை இது அதிகம் குழப்பும். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸில் பேட்டரி ஓட்டுவது ப்ரீஆம்பை; பிக்கப் பாசிவ்தான். அப்படிப்பட்ட கருவியில் ஒலி பிடிக்கவில்லையென்றால் பிக்கப்பை விட்டுவிட்டு ப்ரீஆம்பை மாற்றிப் பார்க்க வழி உண்டு.

அடுத்த முறை பிக்கப் ஒப்பீடு வெளியிடும்போது, எந்த மதிப்புள்ள பாட், எத்தனை மீட்டர் கேபிள், தந்தியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தூரம், இடையில் பஃபர் இருந்ததா என்ற நான்கையும் ஒவ்வொரு பிக்கப்புக்கும் பக்கத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டி.சி. ரெசிஸ்டன்ஸ் கட்டத்துக்கு ஒதுக்கிய இடத்தை இன்டக்டன்ஸுக்குக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கிட்டார் மின்சுற்று வேலை செய்யும் வாசகர்